மத்தியானம் பூங்காவைப் பூட்டச் சொன்னது யார்

அன்றைக்குப் பூங்கா கேட்டில் இருந்தவர்கள்: நான், ஏணி மேல் போர்டு எழுதும் பெயின்டர் பன்னீர், பக்கத்து அபார்ட்மெண்ட் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், ஊராட்சிப் பூங்காக்களைப் பார்வையிடுகிற மேற்பார்வையாளர் மேடம், அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிற எஸ்தர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் தாஸ், அவர்களுடைய நாலு மாதக் குழந்தை. உள்ளே, புங்க மரத்தடியில், ஒரு நாய். நாயை எதற்குச் சேர்க்கிறேன் என்றால், உச்சி வெயிலில் பூங்காவுக்குள்ளே இருந்தது அது ஒன்றுதான். மற்ற எல்லாரும் வெளியே நின்றுகொண்டிருந்தோம். பூட்டியவன் நான்.

தம்பிகளே, தங்கச்சிகளே, நீங்கள் பூங்காக் காவல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பழைய ஆள் என்பதால் என்னை ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது இது. பிழைகளை என் மகள் திருத்தினாள். திருத்தும்போது ரெண்டு இடத்தில் சிரித்தாள். எந்த இடம் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. அதிலிருந்து அது ஒரு கவலை. புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது எல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே வந்துவிடும். அதில் எனக்குப் பெரிய திறமையும் கிடையாது. நான் சொல்லப்போவது கேட்டைப் பற்றி.

முதலில் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். பஸ்ஸில் ஏறிய பிறகு கேஸை மூடினேனா என்று வேர்த்துப்போகிறவன். என் பெண்டாட்டி சொல்வாள், "உனக்கு என்னைக் கட்டி வச்சதுக்குப் பதிலா ஒரு பூட்டைக் கட்டி வச்சிருக்கலாம்." பூங்காவுக்கு வருவதற்கு முன்னால் மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் கேட் வேலை. அங்கே என் வேலை, கடற்கரைக்குக் குறுக்கு வழியாகப் போகப் பார்க்கிற ஊர்க்காரர்களை நிறுத்துவது. நிறுத்த நிறுத்தச் சம்பளம். கேட் என்றாலே ஆட்களை நிறுத்துவதற்குத்தான் என்று கையில் ஒரு பழக்கம் ஏறிவிட்டது. அந்தக் கையோடுதான் பூங்காவுக்கு வந்தேன்.

பூங்கா இருந்த ஊரின் பெயர் வேண்டாம். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம், அவ்வளவு போதும். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் சட்டப்படி பொதுவுக்கு ஒரு துண்டு நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி ஊராட்சிக்கு வந்த இடம் அது. நடைபாதை, நாலு பெஞ்சு, ரெண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், நடுவில் ஒரு பெரிய புங்க மரம். இடம் ஊராட்சியுடையது. தண்ணீர் லாரிக்கும் தோட்டக்காரருக்கும் பணம் கொடுப்பது பக்கத்து அபார்ட்மெண்ட் சங்கம். சம்பளம் எனக்கு ஊராட்சியிலிருந்து, அதுவும் கான்ட்ராக்டில். இப்படி ரெண்டு வீட்டுக்கும் நடுவில் வேலை பார்ப்பவனுக்குத் தூக்கம் எப்படி வரும்?

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு. காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை, மாலை நாலிலிருந்து எட்டு வரை, மத்தியானம் மூடப்படும். ஒன்பது அடித்ததும் பூட்டிவிட்டு, சருகு பெருக்கி, மரத்தடியில் நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவேன். பிறகு துண்டை விரித்துப் படுப்பேன். அத்தனை பெரிய நிழலுக்கு நானும் அந்த நாயும் மட்டும்.

வெளியே பார்த்தால், காம்பவுண்டு சுவர் ஓரமாக ஓர் அடி அகலத்துக்கு விழுகிற நிழலில் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் டிபன் பாக்ஸோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு டெலிவரி பண்ணுகிற பையன்கள் பைக் மேலேயே சாய்ந்து கண்ணை மூடியிருப்பார்கள். ரெண்டு முறை சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் வந்து கேட்டார்கள். "ஆர்டர் இல்லப்பா" என்றேன். எவன் போட்ட ஆர்டர் என்றான் ஒருத்தன். "மேல" என்று கையைத் தூக்கிக் காட்டினேன். அங்கே தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. அவனும் நிமிர்ந்து தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனான்.

எஸ்தர் பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியது அந்தக் கோடையில். குழந்தை டப்பா பாலைத் துப்பிவிடுகிறது. மத்தியானம் அவளுக்கு அரை மணி நேரம்தான் சாப்பாட்டு நேரம், வீட்டுக்குப் போய் வர முடியாது. அதனால் தாஸ் குழந்தையைத் துணியில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவருவான். அபார்ட்மெண்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஓர் அறை உண்டு, கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் பக்கத்தில். ஆண்கள் சட்டை மாற்றுவதும் அங்கேதான். லாபியில் உட்காரக் கூடாது. ஆகவே பூங்கா கேட்டுக்கு எதிரே ஆட்டோவை நிறுத்தி, ரெண்டு பக்கமும் துப்பட்டாவைக் கட்டி, அந்த இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து பால் கொடுப்பாள். தாஸ் வெளியே வெயிலில் நின்று விசிறிக்கொண்டிருப்பான். குழந்தைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

ஒருநாள் அவளே கேட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணா, அரை மணி நேரம். அந்த மரத்துக்குப் பின்னால உக்காந்து குட்த்துட்டுப் பூடறேன்."

எனக்கு அவள்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் என் மண்டை எப்படி ஓடும் என்றால்: இவளை விட்டால் நாளைக்கு நாலு பேர் வருவார்கள்; நாலு பேர் வந்தால் ஒருத்தர் ஊஞ்சலில் ஆடுவார்; ஊஞ்சல் சங்கிலி அறும்; மண்டை உடையும்; செங்கல்பட்டு ஆஸ்பத்திரி; போலீஸ்; என் போட்டோ பேப்பரில். அவள் கேட்டது பால் கொடுக்க. நான் அதற்குள் ஜெயில் வரைக்கும் போய் வந்துவிட்டேன். "ஆர்டர் இல்லம்மா" என்றேன்.

அவள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "உள்ள நாயி தூங்கினு கீதே. அதுக்கு இன்னா ஆர்டரு?"

நான் போய் நாயை விரட்டினேன். அது ரெண்டு அடி தள்ளிப் படுத்தது.

நியாயமான ஆள் என்றால் அன்றைக்கே திறந்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் புருஷன் ராத்திரியில் வந்து உடைத்துத் திறந்துவிடுவானோ என்று பயந்து, கேளம்பாக்கம் போய்ப் புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்தேன். அழுத்தினாலே பூட்டிக்கொள்கிற கனமான பூட்டு. சொந்தக் காசு. ஏற்கெனவே கேட்டில் ரெண்டு பூட்டு உண்டு, சுவர் மேலே கண்ணாடிச் சில்லும் உண்டு. அதைப் பதிக்கச் சொல்லிக் கொத்தனார் காலைப் பிடித்தவனும் நான்தான்.

ஆனாலும் அந்த நாய்க் கேள்வி விடவில்லை. சரி, அனுமதி வாங்கித் தருவோம் என்று கிளம்பினேன். அதைப் பெரிய வீரம் என்று நினைத்துக்கொண்டேன். சங்கச் செயலாளர் நல்ல மனுஷர்தான், தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார். நேரம் எல்லாம் ஊராட்சி போட்டது, நாங்கள் போர்டில் இருப்பதை மதிக்கிறோம், அவ்வளவுதான் என்றார். ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர், அது சங்கமும் மேற்பார்வையாளரும் பேசிப் போர்டில் போட்ட ஏற்பாடாக இருக்கும், நல்லா ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துகிறாய் என்றார். மேற்பார்வையாளர் மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் அந்த வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. "போர்டுல என்ன போட்டிருக்கு?" என்றார். சொன்னேன். "அப்ப அதான்" என்றார். பிறகு, நான் போனை வைக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால், ஒருநாள் வந்து பார்க்கிறேன் என்றார்.

மூன்று பேரும் போர்டைக் காட்டினார்கள். நானும் திரும்பி வந்து போர்டைப் பார்த்தேன். கும்பிடாத குறைதான். இவ்வளவு பெரியவர்கள் எல்லாம் மதிக்கிற போர்டு, எழுதியவர் எவ்வளவு பெரியவரோ என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் எஸ்தருக்கு அவளுடைய சூப்பர்வைசர் கெடு வைத்தான். ஆட்டோ வாசலில் நிற்பது பார்க்க நன்றாக இல்லை என்று யாரோ புகார் சொன்னார்களாம். நாளையிலிருந்து அங்கே ஆட்டோ நிற்கக் கூடாது. நிறுத்தினால் அவள் வேலைக்கு வர வேண்டாம். இதைத் தாஸ்தான் என்னிடம் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இன்னியோட முடிஞ்ச்சி அண்ணாத்த. நாளைலேந்து அது வூட்லதான். சம்பளம் போனா போது, கொயந்த பாலுக்கு ஏங்கினு கீது" என்றான். அவன் ஓட்டுகிற ஆட்டோவே தவணையில் வாங்கியது என்று எனக்குத் தெரியும்.

அவன் சொன்ன அந்த "இன்னி"தான், நான் முதலில் எண்ணிக் காட்டிய நாள்.

போர்டு வெளுத்துப்போயிருந்தது. அதைப் புதுசாக எழுதச் சங்கம் ஏற்பாடு செய்திருந்தது. கூடவே கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று செயலாளர் விரும்பினார்: வேலையாட்கள், டெலிவரி ஊழியர்கள் உள்ளே உட்கார அனுமதி இல்லை. ஊராட்சியின் சம்மதத்தோடு செய்துவிடலாம் என்று அவரே மேடத்தையும் அதே நாளில் வரச் சொல்லிவிட்டார். பன்னீர் காலையிலேயே வந்து, பழைய எழுத்து மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்துக் காயப்போட்டிருந்தான். அவன் பெயின்ட் டப்பாவோடு போய்வருவதற்காக அன்றைக்கு ஒன்பதுக்குப் பிறகும் கேட்டைப் பூட்டவில்லை. நான் உள்ளே என் சாப்பாட்டுப் பையை மரத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோது மேடத்தின் ஜீப் ஹாரன் கேட்டது. பதறி வெளியே ஓடிவந்து, கேட்டைச் சாத்தி, மூன்று பூட்டையும் போட்டுவிட்டு விறைப்பாக நின்றேன். மேலதிகாரி வரும்போது பூங்கா ஒழுங்காகப் பூட்டியிருக்க வேண்டும் அல்லவா?

அவர் இறங்கவும் தாஸின் ஆட்டோ வரவும் சரியாக இருந்தது. எஸ்தர் வேலைச் சீருடையோடு ஓடிவந்து ஆட்டோவில் ஏறினாள். துப்பட்டா கட்டினாள். குழந்தை வீறிட்டு அழுதது. வெயிலில் சீட்டு சுட்டிருக்கும். இந்த ஆட்டோவைப் பற்றித்தான் புகார் என்றார் செயலாளர். மேடம் ஆட்டோவைப் பார்த்தார், பூட்டியிருந்த பூங்காவைப் பார்த்தார், உள்ளே காலை நீட்டிப் படுத்திருந்த நாயைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு ஏன் உள்ள போய் உக்காரல?"

ஆர்டர் இல்லை என்றேன் நான். ஆர்டர் இல்லை என்றார் செயலாளர்.

"யாரோட ஆர்டர்? நான் ஆபீஸ்ல தேடிட்டேன். அப்படி ஒண்ணுமே கிடையாதே."

எல்லாரும் போர்டைப் பார்த்தோம். அது வெள்ளையாக இருந்தது. ஏணி மேலிருந்து பன்னீர் கீழே பார்த்தான். அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் ஒரு மரியாதையான மனுஷன்.

"மேடம், அது இவருதான்."

"எவரு?"

"தோ, வாட்ச்மேன் அண்ணாத்த. பார்க்கு தொறந்த அன்னிக்கு நான்தானே போர்டு எயுதனேன். டைம் இன்னா போடறதுன்னு யாருமே சொல்லல. இவராண்ட கேட்டேன். மத்தியானம் நான் ஒண்டியா கீறேன், எவனாவது ஊஞ்சல்ல வுயுந்தா எனக்குப் பேஜாரு, மூடப்படும்னு போட்டுருன்னாரு. நானும் போட்டேன்."

தம்பிகளே, அவன் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். புதுச் சட்டை. நான் சொன்னது அப்படியே அதே வார்த்தை. எத்தனை வருஷம் அந்தப் போர்டைக் காட்டி எத்தனை பேரைத் திருப்பியிருப்பேன்! அந்த ஆர்டர் போட்ட பெரிய மனுஷனுக்குப் பயந்து பயந்து, அவன் கோபித்துக்கொள்வானோ என்று ராத்திரியில் புரண்டு படுத்திருக்கிறேன். அவன் என் பக்கத்தில்தான் படுத்திருந்தான், என் பாயிலேயே.

மேடம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. செயலாளருக்குத்தான் சிரிக்க முடியவில்லை. பாவம், அந்த நேரங்களை மதிக்கச் சொல்லிச் சங்கக் கூட்டத்தில் அவர் எவ்வளவோ பேசியிருக்கிறார். கொஞ்சம் தேறிக்கொண்டு, "மெயின்டனன்ஸ் நாங்கதானே மேடம் பண்றோம். தண்ணி லாரி எங்க காசு" என்றார்.

"ரொம்ப சந்தோஷம் சார். தண்ணி உங்களுது. எடம் எல்லாருக்கும்" என்றார் மேடம். அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவரும் அரசாங்க ஆள்தானே. நேரத்தை மாற்றுவதென்றால் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போட வேண்டும், அதுவரைக்கும் போர்டில் இருப்பதே தொடரட்டும் என்று சொல்லி ஜீப் பக்கம் திரும்பினார்.

"போர்டுல ஒண்ணும் இல்ல மேடம்" என்றான் பன்னீர், பிரஷ்ஷை ஆட்டிக்கொண்டு.

அப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எஸ்தர் துப்பட்டாவை விலக்கி, அவளும் பார்த்தாள். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போய், சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நாளையிலிருந்து ஆட்டோ கிடையாது. கூட்டம் எப்போது கூடும் என்று யாருக்கும் தெரியாது. கேட்டுக்கு நான்தான் காவல், போர்டு வெள்ளை, மேலே தண்ணீர்த் தொட்டியைத் தவிர எவனும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைகாட்ட ஆள் இல்லாமல் நின்றேன். முதல் பூட்டைத் திறந்தேன். ரெண்டாவதையும் திறந்தேன்.

மூன்றாவதுக்குச் சாவி இல்லை.

சட்டைப் பையில் இல்லை, இடுப்பில் இல்லை. தொலைந்துவிடக் கூடாது என்று காலையில் பத்திரமாகச் சாப்பாட்டுப் பையில் போட்டு வைத்தேன். பை உள்ளே மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்தினால் பூட்டிக்கொள்கிற பூட்டு, நான்தானே அழுத்தினேன். சுவர் ஏறலாம் என்று தாஸ் போய்ப் பார்த்துவிட்டு, கண்ணாடிச் சில்லைப் பார்த்துத் திரும்பி வந்தான். "எவன்யா இத்த வச்சது?" என்று அவன் கேட்டபோது நான் மறுபடியும் சட்டைப் பையைத் துழாவினேன். அவனே புரிந்துகொண்டான்.

"ஆட்டோவுல கம்பி இருக்கா?" என்று கேட்டேன்.

"கீது."

"ஒடை."

"உன் பூட்டு அண்ணாத்த. நல்ல பூட்டு."

"தெரியும்ப்பா. ஒடை."

நல்ல பூட்டுதான். வியர்க்க விறுவிறுக்க நெம்பினான். ஏணியிலிருந்து இறங்கிவந்து பன்னீரும் கை கொடுத்தான். டக்கென்று விட்டது. எஸ்தர் குழந்தையோடு என்னைத் தாண்டி உள்ளே போனாள். புங்க மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நாய் எழுந்து, சோம்பல் முறித்து, நான் எத்தனை விரட்டியும் போகாத நாய், தானாகவே தள்ளிப் போய்ப் படுத்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக எழுந்து வந்தார்கள். கேட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார்கள். அந்த நிற்றல்தான் என்னை இன்றைக்கும் குத்துகிறது. நான் தள்ளி நின்றேன்.

மேடம் ஜீப்பில் ஏறாமல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னீரிடம், காலை ஐந்திலிருந்து இரவு எட்டு வரை என்று போடு, தீர்மானத்தை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றார். செயலாளர் கேட்ட வரியைப் பற்றி யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. போகும்போது செயலாளரே ஆட்டோவை வேண்டுமானால் அபார்ட்மெண்ட் பார்க்கிங் ஓரமாக நிறுத்திக்கொள்ளச் சொன்னார். அதுவும் அவர் சொன்னதுதான், மறைக்கக் கூடாது.

நான் ஏணியடிக்குப் போய்ப் பன்னீரிடம் மெதுவாகச் சொன்னேன், "கீழ சின்னதா ஊஞ்சலைப் பாத்து ஆடவும்னு போட்டுடேன்."

"வேணாம் அண்ணாத்த. நீ சொல்றத எயுதனா, நாளிக்கு நீயே அத்தப் பாத்து பயப்படுவ" என்றான்.

எஸ்தர் வேலையில் இருந்தாள். குழந்தை நடக்க ஆரம்பித்து, அந்த மரத்தைச் சுற்றி நடந்தது வரை நான் பார்த்தேன். மத்தியானம் திறந்து வைத்ததால் நான் பயந்தவற்றில் நடந்தது ஒன்றே ஒன்று: ஊஞ்சலில் இருந்து ஒருத்தர் விழுந்தார். சங்கிலி தாங்குகிறதா என்று சோதிக்க நானே உட்கார்ந்து பார்த்தேன். ஹவுஸ்கீப்பிங் பெண்கள்தான் தூக்கிவிட்டார்கள். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

காலையும் மாலையும் நடக்க வருகிறவர்களுக்குக் காலையும் மாலையும் நேரம் இருக்கிறது. மத்தியானம் மட்டுமே உட்கார முடிகிறவர்களும் இருக்கிறார்கள். யாரும் வரக் கூடாது என்று நான் போர்டில் போடச் சொன்னதில்லை. அவர்கள் வரக்கூடிய நேரத்தில் பூட்டி வைத்தேன், அவ்வளவுதான். விஷயம் ஒன்றுதான். உங்கள் கேட்டிலும் ஏதாவது போர்டு இருக்கும். அதை எழுதச் சொன்னது யார் என்று முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள். உங்களுக்கு முன்னால் இருந்த, என்னைப் போன்ற ஒரு பயந்தாங்கொள்ளியாகத்தான் இருப்பான்.

கடைசியாகப் பூட்டு விவகாரம். அரசாங்க கேட்டில் உடைந்த பூட்டு, என் சொந்தக் காசு, விடலாமா? வேலையை விடுகிற அன்றைக்கு ஊராட்சி அலுவலகத்தில் கேட்டேன். ரெண்டு பூட்டுக்குத்தானே அனுமதி, மூன்றாவது பூட்டை யார் சொல்லிப் போட்டாய் என்றார் எழுத்தர். நான்தான் என்றேன். சரி, உடைக்கச் சொன்னது யார் என்றார். அதுவும் நான்தான். அப்படியானால் சொன்னவரிடமே வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். நியாயமாகத்தான் பட்டது. ஆகவே எனக்கு நான் தர வேண்டிய பாக்கி, ரூபாய் நானூற்று எண்பது.